கல்லறையைத் தேடாதீங்க, சாவிக்காரரைத் தேடுங்க: ஜெர்மனி பூர்வீக ஊர் கேள்வி பதில்

போன மாசம் ரைன் நதிக்கரை ஊர்களைப் பத்தி எழுதினாலும் எழுதினேன், மெயில் பாக்ஸைத் திறந்தா எல்லாம் ஒரே கேள்வி. மருமகன் ஜெர்மன், மாமியார் ஜெர்மன் வம்சத்து அமெரிக்கர், அவங்க பாட்டன் பூட்டன் ஊரையும் சர்ச்சையும் பார்க்கப் போறோம், எப்படிப் போகணும்னு. நம்ம வீடுகள்ல இவ்ளோ பேர் இப்படி சம்பந்தம் பண்ணியிருக்கீங்கன்னு எனக்கு இப்பதான் தெரியுது. சரி, இந்த இதழ் முழுக்க இதுதான்.

கேள்வி: அக்கா, நான் ஹூஸ்டன்ல இருக்கேன், சொந்த ஊர் திண்டுக்கல். வீட்டுக்காரர் அமெரிக்கர், அவங்க அம்மா பக்கம் பழைய பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பம். அத்தைக்கு எழுபத்தாறு வயசாகுது, கண்ணை மூடுறதுக்குள்ள பூர்வீக ஊரைப் பார்த்துடணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. கையில இருக்கறது ஒரு குடும்ப பைபிள்தான், அதுல குடும்பப் பேரும் 1752ங்கற வருஷமும் "ஃபால்ஸ்"னு ஒரு வார்த்தையும் எழுதியிருக்கு. டிக்கெட் போட்டுடலாமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: இப்ப போடாதீங்கம்மா. ஃபால்ஸ்ங்கறது ஊர் இல்ல, ரைனுக்கு மேற்கால திராட்சைத் தோட்டமும் காடுமா விரிஞ்சு கிடக்கற ஒரு பெரிய பிராந்தியம், இங்கிலீஷ்ல பாலட்டினேட்னு சொல்வாங்க. அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 1709 கடுங்குளிருக்கு அப்புறம் அங்கிருந்து ஆயிரக்கணக்கான பேர் லண்டனுக்குக் கிளம்பி அதுல ஒரு பங்கு அமெரிக்கா போய்ச் சேர்ந்தாங்க, அதுல இருந்து தென்மேற்கு ஜெர்மனில எந்த மூலைல இருந்து யார் வந்து இறங்கினாலும் "பாலட்டைன்"னே எழுதிட்டாங்க, ஆள் ஹெஸ்ஸன்காரரா இருப்பார், வூர்ட்டம்பெர்க்காரரா இருப்பார். அந்த ஒத்தை வார்த்தையை நம்பி எழுபத்தாறு வயசு அம்மாவைக் கூட்டிட்டுப் போய் எந்த ஊர்ல இறக்குவீங்க?

ஊர் பேரைக் கண்டுபிடிக்கற வேலையை முதல்ல உங்க பக்கமே செய்யணும். பென்சில்வேனியா லூத்தரன், ரிஃபார்ம்டு (ரெண்டும் புராட்டஸ்டண்ட் பிரிவுதான்) சர்ச்சுகளோட பழைய ரிஜிஸ்டர்ல சில பாஸ்டர்கள் அடக்கம் பண்ணினவர் பேரோட அவர் பிறந்த கிராமத்தையும் எழுதி வெச்சிருக்காங்க, அது மாட்டினா அதிர்ஷ்டம். 1727ல இருந்து ஃபிலடெல்ஃபியால கப்பல் விட்டு இறங்கற ஜெர்மன் ஆம்பளைங்க ராஜ விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட்டாகணும், அந்த லிஸ்ட்டெல்லாம் அச்சுல வந்திருக்கு. அதுல ஊர் இருக்காதுதான், ஆனா உங்க ஆளுக்கு மேலயும் கீழயும் கையெழுத்துப் போட்டவங்க யாருன்னு பாருங்க, ஏன்னா அந்தக் காலத்துல ஒரே கிராமத்துக்காரங்க, மச்சான் மாப்பிள்ளைன்னு கூட்டமாத்தான் கப்பலேறுவாங்க, அதுல ஒருத்தரோட ஊர் தெரிஞ்சாலே உங்க ஊர் அதைச் சுத்தி எங்கயோதான் இருக்கும். கைசர்ஸ்லாட்டர்ன்ல ஃபால்ஸ் வரலாற்றுக்குன்னே ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு, ஊரை விட்டுப் போனவங்களைப் பத்தி பெரிய கார்டு இன்டெக்ஸ் வெச்சிருக்காங்க, அங்கயும் ஒரு மெயில் தட்டுங்க. (உங்க ஆள் 1850க்கு அப்புறம் போயிருந்தா ஹாம்பர்க் துறைமுகப் பயணி லிஸ்ட் 1934 வரைக்கும் இருக்கு, அதுலயே கடைசியா இருந்த ஊர் வந்துடும், கதை சுலபம். ப்ரேமன் துறைமுக லிஸ்ட் பெரும்பகுதி அழிஞ்சு போச்சு.)

ஊர் கிடைச்சதும் அடுத்த கேள்வி, எந்த சர்ச்? ஜெர்மனி முழுக்க ஒரே மாதிரி சர்க்கார் பிறப்பு இறப்புப் பதிவு 1876 ஜனவரில இருந்துதான், பிரஷ்யால 1874 அக்டோபர். ரைனுக்கு மேற்கால மட்டும் பிரெஞ்சுக்காரன் பிடிச்சிருந்ததால 1798லயே ஆரம்பிச்சுட்டான். அதுக்கு முன்னாடி எல்லாமே சர்ச் புக்குதான், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். ஃபால்ஸ்ல 1818ல லூத்தரனும் ரிஃபார்ம்டும் ஒண்ணா சேர்ந்தாங்க, அதுக்கு முன்னாடி சின்னக் கிராமத்துலகூட ரெண்டு சபை, ரெண்டு ரிஜிஸ்டர், கூடவே கத்தோலிக்கருக்கு ஒண்ணு. உங்க அத்தை குடும்பம் எந்தப் பிரிவுன்னு தெரியாம தேடினா தப்பான புக்கைப் புரட்டிட்டு "இங்க இல்ல"ன்னு திரும்பிடுவீங்க. இப்ப நிறைய புராட்டஸ்டண்ட் ரிஜிஸ்டர் ஆர்க்கியோன்ங்கற சைட்ல ஸ்கேனா இருக்கு, காசு கட்டிப் பார்க்கணும், கத்தோலிக்க ரிஜிஸ்டருக்கு மேட்ரிகுலான்னு ஒண்ணு, அது ஓசி. ஃபால்ஸ் புராட்டஸ்டண்ட் சர்ச்சோட மத்திய ஆவணக் காப்பகம் ஸ்பயர்ல இருக்கு.

எவ்ளோ பின்னாடி போக முடியும்னு அத்தை கேப்பாங்க. முப்பது வருஷப் போர் 1618ல இருந்து 1648 வரைக்கும் நடந்து ஊர் ஊரா காலி பண்ணிடுச்சு, அப்புறம் 1689ல பிரெஞ்சுப் படை வந்து ஸ்பயர், வோர்ம்ஸ், ஹைடெல்பெர்க்னு கொளுத்திட்டுப் போச்சு. அந்தப் பக்கத்துல நிறைய கிராமத்துல ரிஜிஸ்டர் அதுக்கப்புறம்தான் தொடங்குது. காலியான ஊர்ல குடியேற நிறைய பேர் சுவிட்சர்லாந்துல இருந்து வந்தாங்க, அதனால நாலஞ்சு தலைமுறை பின்னாடி போனா பூர்வீகம் ஜெர்மனியே இல்ல பெர்ன் பக்கம்னு வந்தாலும் வரும். அத்தைகிட்ட இதை முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

படிக்கறதுல ரெண்டு மூணு குழி இருக்கு. ஒண்ணு பேர். வீட்ல இருக்கற பசங்க எல்லாருக்கும் ஜோஹான்னு முதல் பேர் இருக்கும், ஜோஹான் கேயார்க், ஜோஹான் ஆடம், ஜோஹான் பீட்டர், கூப்பிடறது ரெண்டாவது பேரைத்தான். ஒரு குழந்தை செத்துட்டா அடுத்த குழந்தைக்கு அதே பேரை வெச்சுடுவாங்க, அதனால ஞானஸ்நானப் பதிவு கிடைச்ச சந்தோஷத்துல நின்னுடாம அடக்கப் பதிவையும் பாருங்க, நீங்க பிடிச்ச ஜோஹான் ஆடம் ரெண்டு வயசுல போன பிள்ளையா இருக்கலாம். இன்னொண்ணு தேதி. பழைய பாதிரியார்கள் 7னு போட்டு பக்கத்துல "பெர்"னு எழுதியிருந்தா அது ஏழாம் மாசம் இல்ல, செப்டம்பர். 8 போட்டா அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். 1798க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர் வேற வந்து குழப்பும். கையெழுத்து குர்ரென்ட்னு ஒரு பழைய ஸ்டைல், இன்னிக்கு இருக்கற ஜெர்மன் பசங்களுக்கே படிக்க வராது. டிரான்ஸ்க்ரிபஸ்னு ஒரு ஏஐ கருவி ஓரளவு படிச்சுக் கொடுக்குது, ஆனா குடும்பப் பேர்ல சொதப்பும். ஞானப்பெற்றோர் பேரை விட்டுடாதீங்க, குழந்தைக்குப் பெரும்பாலும் அவங்க பேர்தான் வைப்பாங்க, அவங்க பெரும்பாலும் அத்தை மாமா சித்தப்பாதான், அந்த ஒரு வரில ஒரு குடும்பமே இருக்கு.

அங்க எப்படி இருக்கும்னு ஒரு ஐடியா வேணும்னா கால்ஷ்டாட்டைச் சொல்லலாம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல சுமார் 1,200 பேர் இருக்கற கிராமம். 1840ல ஜோஹான் ஹைன்ரிக் ஹைன்ஸ்னு ஒருத்தர் அங்கிருந்து அமெரிக்கா போனார், அவர் பையன்தான் கெட்சப் ஹைன்ஸ். 1885ல பதினாறு வயசுல ஃப்ரீட்ரிக் ட்ரம்ப்னு ஒரு பையன் போனான், அவன் பேரன் யார்னு சொல்ல வேண்டாம். ரெண்டு குடும்பமும் தூரத்து உறவு வேற. ஃபால்ஸ்ல சொத்தை எல்லாப் பிள்ளைங்களுக்கும் சமமா பாகப்பிரிவினை பண்ணுவாங்க, நாலு தலைமுறைல ஆளுக்கு ஒரு கீத்து நிலம்தான் மிஞ்சும், அப்புறம் என்ன, கப்பல்தான். இப்ப ஊர் செழிப்பா இருக்கு, பஞ்சம் பிழைக்கப் போன ஊரான்னு அத்தைக்கே சந்தேகம் வரும்.

கேள்வி: மேடம், என் பெண்ணை ஃப்ராங்க்ஃபர்ட்ல கொடுத்திருக்கோம், மாப்பிள்ளை ஜெர்மன்காரர். வர்ற ஜூன்ல போறப்ப அவங்க குலத்துப் பெரியவங்க கல்லறைக்குப் போய் மாலை போட்டு வரணும்னு சம்பந்தி அம்மாகிட்ட சொன்னேன், "கல்லறையா? அதெல்லாம் இப்ப இல்லையே"ன்னு சாதாரணமா சொல்றாங்க. இதென்ன கூத்து? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: சார், சம்பந்தி அம்மா சரியாத்தான் சொல்றாங்க. ஜெர்மனில கல்லறை இடம் சொந்தம் கிடையாது, வாடகை. ஊருக்கு ஊர் மாறும், பொதுவா 20லிருந்து 30 வருஷம். அதுக்கப்புறம் குடும்பம் மறுபடி காசு கட்டி நீட்டிச்சாத்தான் இருக்கும், இல்லேன்னா கல்லைப் பிடுங்கிட்டு அதே இடத்துல வேற ஒருத்தரைப் புதைச்சுடுவாங்க. கல்லறைத் தோட்டத்துல நடந்து பாருங்க, சில கல்லுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், "இந்தக் கல்லறைக்கு உரியவர் ஆபீஸைத் தொடர்பு கொள்ளவும்"னு, அதோட காலம் முடியப் போகுதுன்னு அர்த்தம். அமெரிக்கால இருந்து வர்ற ஆளுங்க எல்லாரும் முதல்ல ஏமாந்து நிக்கற இடம் இதுதான், அவங்க ஊர்ல 200 வருஷக் கல்லு நிக்குது, பூர்வீக ஊர்ல தாத்தாவோட கல்லே இல்ல.

விதிவிலக்கு உண்டு. போர்ல செத்தவங்க கல்லறை நிரந்தரம், அதை எடுக்கக் கூடாதுன்னு சட்டம். யூதக் கல்லறைத் தோட்டங்களும் நிரந்தரம், அவங்க மதத்துல கல்லறையைக் கலைக்கவே கூடாது. வோர்ம்ஸ்ல இருக்கற யூதக் கல்லறைத் தோட்டத்துல பதினோராம் நூற்றாண்டுக் கல்லு இன்னும் அதே இடத்துல நிக்குது, 2021ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துச்சு. சிலசமயம் சர்ச் சுவத்துல பழைய பாஸ்டர், ஜமீன் குடும்பத்துக் கல்லைப் பதிச்சு வெச்சிருப்பாங்க, சாதாரண விவசாயிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

மாலையோட திரும்ப வேண்டாம் சார். அநேகமா எல்லா கிராமத்துலயும் சர்ச் வாசல்லயோ கல்லறைத் தோட்ட முகப்புலயோ 1914ல இருந்து 1918 வரைக்கும் செத்த பசங்க பேர் வெட்டின போர் நினைவுக்கல் இருக்கும். அதுல மாப்பிள்ளையோட குடும்பப் பேர் இருக்கான்னு பாருங்க, பழைய குடும்பம்னா பெரும்பாலும் இருக்கும், ஒரே பேர்ல மூணு நாலு பேர்கூட இருப்பாங்க. அங்க வைங்க. போறதுக்கு முன்னாடி மட்டும் சம்பந்தி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, போர் விஷயத்துல ஒவ்வொரு ஜெர்மன் குடும்பத்துக்கும் ஒவ்வொரு மனசு.

கேள்வி: நாங்க போன வருஷம் ஹெஸ்ஸன்ல மாமனாரோட பூர்வீக கிராமத்துக்குப் போனோம். சர்ச் பூட்டிக் கிடந்துச்சு, தெருவுல ஈ காக்கா இல்ல, ஒரே ஒரு ஹோட்டல், அதுவும் லீவு. வாசல்ல போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். மறுபடி போறதா இருக்கோம், இந்த வாட்டி என்ன பண்ணணும்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: திங்கக்கிழமை போனீங்களா? கிராமத்து ஹோட்டலுக்கு வாரத்துல ஒருநாள் ரெண்டுநாள் லீவு உண்டு, பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ. சர்ச் விஷயத்துல ஒரு கணக்கு இருக்கு, கத்தோலிக்க சர்ச் பகல்ல பொதுவா திறந்திருக்கும், புராட்டஸ்டண்ட் சர்ச் ஆராதனை முடிஞ்சா பூட்டிடுவாங்க. திறந்து வெக்கற சர்ச்சுல அதுக்குன்னு ஒரு போர்டு மாட்டியிருப்பாங்க, ஆனா அதை நம்பி வண்டியை எடுக்காதீங்க.

சாவி யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலையே. பாஸ்டர்கிட்ட இருக்காது, அவர் நாலஞ்சு கிராமத்துக்கு ஒரே ஆளா ஓடிட்டிருப்பார். சபை ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும், வாரத்துல ரெண்டு காலைல சில மணி நேரம்தான் திறப்பாங்க. சாவி சர்ச்சைப் பார்த்துக்கற கோயில்பிள்ளை வீட்ல இருக்கும், சர்ச்சுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு பெரியம்மாவோ ரிட்டயர்டு தாத்தாவோ. அதனால ஆறு வாரம் முன்னாடியே சபை ஆபீஸுக்கு ஜெர்மன்ல ஒரு சின்ன மெயில், கூகுள் ஜெர்மன் போதும். இன்னார் குடும்பம், இந்த வருஷம் இந்த ஊர்ல இருந்து போனாங்க, இந்தத் தேதி வர்றோம், சர்ச்சை உள்ள பார்க்கலாமா, ஊர் வரலாறு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, அவ்ளோதான். முப்பது பக்கம் வம்சாவளியை அட்டாச் பண்ணிடாதீங்க, ஒரு பக்கத்துல நாலு பேர் நாலு வருஷம் போதும். "எங்களுக்கு ரிஜிஸ்டரைத் தேடிக் கொடுங்க"ன்னு கேக்காதீங்க, ஆபீஸ் அம்மாவுக்கு அது வேலை இல்ல, பல ஊர் ஒரிஜினல் புக் காப்பகத்துக்குப் போயிடுச்சு. பதிலே வராம போனாலும் மனசு விடாதீங்க, ஊராட்சிக்கு எழுதுங்க, நிறைய ஊர்ல உள்ளூர் வரலாற்றுச் சங்கம் இருக்கு, அதுல இருக்கற ஆளுக்கு உங்க மாமனார் குடும்ப வீடு எதுன்னு உங்களை விட நல்லாத் தெரியும். ஊர்ல வாழ்ந்த எல்லாக் குடும்பத்தையும் ஒரே புக்கா தொகுத்து வெச்ச கிராமங்களும் இருக்கு, உங்க ஊருக்கு அப்படி ஒண்ணு இருந்தா பாதி வேலை முடிஞ்சது.

இதுல ஒண்ணு கவனிங்க, 1970கள்ல கிராமங்களையெல்லாம் ஒண்ணா சேர்த்துப் பெரிய ஊராட்சியாக்கிட்டாங்க, பழைய ஊர் பேர் இப்ப மேப்ல வெறும் வார்டு பேரா இருக்கும். நோய்ஷ்டாட், ஹவுஸன் மாதிரி பேர்னா ஜெர்மனி முழுக்க டஜன் கணக்குல இருக்கு. மேயர்ஸ்னு 1912ல வந்த ஊர் அகராதி ஆன்லைன்ல ஓசியா இருக்கு, அந்த ஊருக்கு எந்த சர்ச்சுங்கறதுகூட அதுல தேட வழி இருக்கு.

என்னைக் கேட்டா ஞாயித்துக்கிழமை போங்க. கடை எல்லாம் மூடியிருக்கும், சாப்பாடு கட்டிட்டுப் போயிடுங்க, ஆனா காலைல பத்து மணி வாக்குல ஆராதனைக்குக் கதவு திறந்திருக்கும். (எல்லா ஊர்லயும் எல்லா வாரமும் ஆராதனை கிடையாது, முன்னாடியே பார்த்துக்கங்க.) உள்ள பத்து பதினஞ்சு வயசானவங்க இருப்பாங்க, அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க, புடவை கட்டியிருந்தா ரெண்டு தடவை பார்ப்பாங்க. முடிஞ்சதும் கேமராவைத் தூக்காம நின்னு பேசுங்க, காபி இருந்தா காபி குடிங்க, மாமனார் குடும்பப் பேரைச் சொன்னதும் ஒரு பாட்டி "அவங்களா, பேக்கரிக்குப் பின்னாடி இருந்தாங்க"ன்னு ஆரம்பிச்சா அப்புறம் அந்த மதியம் உங்களுது. கிளம்பறப்ப உண்டியல்ல ஏதாவது போடுங்க, சாவிக்காரர் கையில பணம் திணிக்காதீங்க, சங்கடப்படுவாங்க. செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறு நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்து விடற நாள், 1993ல இருந்து நடக்குது, வழக்கமா பூட்டிக் கிடக்கற சர்ச், மில்லு எல்லாம் அன்னிக்குத் திறந்திருக்கும், தேதி ஒத்து வந்தா அதை விட வேண்டாம்.

உள்ள போய் என்ன பார்க்கணும்னு தெரியாமலே நிறைய பேர் மேல பார்த்துட்டு வந்துடறாங்க. முதல்ல ஞானஸ்நானத் தொட்டி. கட்டடத்தை மூணு தடவை இடிச்சுக் கட்டியிருந்தாலும் தொட்டி பெரும்பாலும் பழசாவே இருக்கும், ஏன்னா கல்லு, யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. ஐசனாக்ல இசைமேதை பாக் 1685ல ஞானஸ்நானம் வாங்கின தொட்டி இன்னும் இருக்கு, ஹாலெல அதே வருஷம் இன்னொரு இசைமேதை ஹாண்டெல் வாங்கின வெண்கலத் தொட்டியும் இருக்கு. உங்க மாமனாரோட கொள்ளுத் தாத்தா தலைல தண்ணி விழுந்த இடத்துல நீங்க கையை வைக்கலாம், அந்த ஊர்ல அந்தக் குடும்பத்தைத் தொட்ட பொருள்னு உறுதியா சொல்லக்கூடியது அநேகமா அது ஒண்ணுதான். அப்புறம் மாடில இருக்கற பெஞ்சு, சில ஊர்ல குடும்பப் பேரோ நம்பரோ எழுதியிருக்கும். பாஸ்டர் பேர்ப் பலகைல உங்க ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பேர் இருக்கும், ரிஜிஸ்டர்ல பார்த்த கையெழுத்து அவரோடதுதான். மணியை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு உலகப் போர்லயும் வெண்கல மணிகளைக் கழட்டி உருக்கிட்டாங்க, ரெண்டாவது போர்ல ஏ, பி, சி, டின்னு தரம் பிரிச்சு டிக்கு மட்டும்தான் முழுப் பாதுகாப்பு கொடுத்தாங்க, பெரும்பாலான கோபுரத்துல ஒரே ஒரு சின்ன மணியை விட்டு வெச்சாங்க. அடிக்கற மூணு மணில எது பழசுன்னு கோயில்பிள்ளைகிட்ட கேளுங்க, சொல்றதுல அவருக்கு ஒரு பெருமை இருக்கும்.

கேள்வி: ஆன்லைன்ல எங்க வீட்டுக்காரர் குடும்பப் பேருக்கு ராஜ முத்திரை, ஃப்ரேம் போட்டு 90 டாலர். வாங்கலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம். முத்திரை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குத்தான், அதே பேர் இருக்கறவங்க எல்லாருக்கும் இல்ல. அந்தக் காசுக்கு ஆர்க்கியோன்ல நிறைய நாள் உக்காந்து தேடலாம்.

கேள்வி: கணவரோட கொள்ளுத் தாத்தா 1880ல ஜெர்மனில இருந்து வந்தவர். அதை வெச்சு ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்க முடியுமா? (சிகாகோ)

பதில்: பெரும்பாலும் முடியாதும்மா. 1870ல போட்ட சட்டப்படி பத்து வருஷம் தொடர்ந்து வெளிநாட்டுல இருந்தா குடியுரிமை தானாப் போயிடும், தூதரகத்துல பேர் பதிஞ்சிருந்தா மட்டும் தப்பிக்கும். 1914 ஜனவரில புதுச் சட்டம் வந்துதான் அது போச்சு. 1880ல வந்தவர் 1890லயே இழந்திருப்பார். 1904க்கு அப்புறம் வந்தவர்னா விஷயம் வேற, அப்ப அவர் எந்த வருஷம் அமெரிக்கக் குடிமகன் ஆனார்ங்கற பேப்பரை முதல்ல தேடுங்க.

கேள்வி: அக்கா, நான் டோர்ட்முண்டில இருக்கிறன், யாழ்ப்பாணம். என்ர மகள் கலியாணம் கட்டினது ஒரு ஜேர்மன் பெடியனை. அவற்ற தாத்தா சிலேசியாவில பிறந்து 1946இல குடும்பத்தோட துரத்துப்பட்டு வந்தவராம், இப்ப அந்த இடம் போலந்து. மருமகன் தாத்தாவின்ர வீட்டைப் போய்ப் பாக்க வேணும் எண்டு சொல்லுறார், மகளுக்குப் பயமாக் கிடக்கு, அங்க இருக்கிற சனம் கோவிக்குமோ எண்டு. எனக்கும் ஊர் விட்டு வந்த சனத்தின்ர மனம் தெரியும், அதுதான் கேக்கிறன். (டோர்ட்முண்ட் வாசகி)

பதில்: போகச் சொல்லுங்க அக்கா, பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா போற விதம் இருக்கு. அந்த வீட்ல இப்ப இருக்கற குடும்பமும் பெரும்பாலும் துரத்தப்பட்ட குடும்பம்தான். போர் முடிஞ்சு எல்லைக்கோட்டை மேற்கால நகர்த்தினப்ப இப்ப உக்ரைன்ல இருக்கற ல்வீவ் பக்கத்துப் போலிஷ் மக்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சிலேசியால இறக்கினாங்க. அவங்க பாட்டியும் ஒரு பெட்டியோடதான் அந்த வாசல்ல வந்து இறங்கியிருப்பாங்க. அதனால "இது எங்க வீடு"ங்கற வார்த்தை மட்டும் வாய்ல வரக் கூடாது. "எங்க தாத்தா இங்க பிறந்தார்"னு போலிஷ்ல ஒரு பேப்பர்ல எழுதி, பழைய போட்டோ ஒரு காப்பி கையில எடுத்துட்டுப் போகட்டும், அந்தக் காப்பியை அவங்களுக்கே கொடுத்துடட்டும். அந்த வீட்டோட பழைய படம் அவங்ககிட்ட இருக்காது, அதைப் பார்த்தா பெரும்பாலும் உள்ள கூப்பிட்டு டீ போட்டுடுவாங்க. உள்ள கூப்பிடலேன்னா தெருவுல நின்னு பார்த்துட்டு வரலாம், தப்பில்ல.

ஜெர்மன் கல்லறைகளைத் தேட வேண்டாம், போருக்கப்புறம் பெரும்பாலானதைக் கலைச்சுட்டாங்க. சர்ச் கட்டடம் நிக்கும், புராட்டஸ்டண்டா இருந்தது இப்ப கத்தோலிக்கமா மாறியிருக்கும். பிறப்புப் பதிவுக்குப் போலந்து அரசு ஆவணக் காப்பகத்தோட சைட்ல ஸ்கேன் ஓசியா கிடைக்குது, கிழக்குப் பக்கத்துல மிஞ்சின புராட்டஸ்டண்ட் ரிஜிஸ்டர் கொஞ்சம் பெர்லின்ல இருக்கற சர்ச் மத்திய காப்பகத்துல இருக்கு. அந்தப் பக்கம் போனா ஷ்விட்னிட்சா சமாதான சர்ச்சைப் பார்க்காம திரும்ப வேண்டாம், ஜெர்மன்ல ஷ்வைட்னிட்ஸ். 1648 சமாதான உடன்படிக்கைக்கு அப்புறம் கத்தோலிக்கப் பேரரசர் சிலேசியா புராட்டஸ்டண்டுகளுக்கு மூணே மூணு சர்ச் கட்ட அனுமதி கொடுத்தார், கல்லு கூடாது, கோபுரம் கூடாது, ஊர் மதிலுக்கு வெளிய, ஒரு வருஷத்துல முடிக்கணும். முடியாம போகட்டும்னுதான் அப்படி ஒரு கண்டிஷன், ஆனா 1657ல வெறும் மரமும் களிமண்ணும் வைக்கோலும் வெச்சு 7,500 பேர் கொள்ற சர்ச்சைக் கட்டி முடிச்சுட்டாங்க. 2001ல யுனெஸ்கோ. இன்னும் ஒரு சின்ன லூத்தரன் சபை அங்க ஆராதனை நடத்துது. மருமகன் தாத்தா அந்தச் சபையா இருந்திருந்தா, அவர் குடும்பம் உக்காந்த மாடி பெஞ்சு அப்படியே இருக்கும்.

கேள்வி: ஐயா/அம்மா, நான் தரங்கம்பாடி லூத்தரன் குடும்பம். எங்களுக்கு ஜெர்மன் ரத்தம் கிடையாது, ஆனா எங்க சபைக்குப் பூர்வீகம்னா அது ஜெர்மனில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்குதானே. பையன் லைப்சிக்ல படிக்கறான், அவனைப் பார்க்கப் போறப்ப அவர் ஊரையும் பார்க்கலாமா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: தாராளமா, அதுவும் லைப்சிக்ல இருந்து எல்லாமே பக்கம்தான். சீகன்பால்கு 1682ல பிறந்தது சாக்ஸனில புல்ஸ்னிட்ஸ்ங்கற சின்ன டவுன். ட்ரெஸ்டன்ல இருந்து காமென்ஸ் போற லோக்கல் ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள இறக்கி விட்டுடும். ஊர் நடுவுல செயின்ட் நிக்கோலாய் சர்ச். உள்ளூர்க்காரங்களைக் கேட்டா புல்ஸ்னிட்ஸ்னா முதல்ல இஞ்சி மசாலா கேக்குதான், 1558ல இருந்து அதைச் சுட உரிமை வாங்கின ஊர், கிராம்பு பட்டை வாசனை தெருவுல வரும். எங்கிருந்து அந்தக் கிராம்பும் பட்டையும் போச்சுன்னு நினைச்சுக்கங்க, சிரிப்பு வரும். பக்கத்துல பௌட்சன்ல ஒரு கதீட்ரல் இருக்கு, 1524ல இருந்து ஒரே கூரைக்குக் கீழ கத்தோலிக்கரும் லூத்தரனும் பங்கு போட்டுக் கும்பிடறாங்க, நடுவுல ஒரு தடுப்பு, அதையும் பார்த்துட்டு வாங்க.

ஆனா ஒரே ஒரு இடம்தான் போக நேரம்னா ஹாலெக்குப் போங்க, லைப்சிக்ல இருந்து அரை மணி நேரம். ஃப்ராங்கெங்கற பாஸ்டர் 1698ல அடிக்கல் போட்ட அநாதை இல்லமும் பள்ளிக்கூடமும்தான் அந்த வளாகம், ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம். ஹாலெ யுனிவர்சிட்டில படிச்சுட்டுத்தான் சீகன்பால்கு 1706 ஜூலைல தரங்கம்பாடி கரைல இறங்கினார். தமிழ் அச்செழுத்தை இங்க வார்த்து உங்க ஊருக்கு அனுப்பினாங்க. 1715ல அவர் ஊருக்கு வந்தப்ப கூட வந்தவர் மலையப்பன்ங்கற தமிழ் இளைஞர், அந்தப் பயணத்துல எழுதின தமிழ் இலக்கணம் லத்தீன்ல 1716ல ஹாலெலயே அச்சாச்சு. சீகன்பால்கு கேட்ட கேள்விகளுக்கு நம்ம ஊர் ஆளுங்க எழுதின பதில் கடிதங்களோட ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் இங்கதான் அச்சுப் போட்டாங்க. ஆவணக் காப்பகத்துல தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கு, அதைப் பார்க்கணும்னா முன்னாடியே எழுதிக் கேக்கணும். கேக்காம போனாலும் மேல் மாடில பழைய அதிசயப் பொருள் அறை இருக்கு, சுமார் 3,000 பொருள், 1741ல அடுக்கின அதே அலமாரில. என் அபிப்பிராயத்துல ஜெர்மன் குடும்பங்கள் பூர்வீகம் தேடற மாதிரி தேடினா தரங்கம்பாடிக்காரருக்குக் கிடைக்கற பேப்பர் அவங்களுக்குக் கிடைக்கறதை விட ஜாஸ்தி.

தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஊரையும் கேப்பீங்கன்னு தெரியும். 1726ல ஸோனன்பூர்க்ல பிறந்தார், அது இப்ப போலந்துல ஸ்வோன்ஸ்க், ஜெர்மன் எல்லையைத் தாண்டின உடனே. தமிழ்ல பைபிள் மொழிபெயர்ப்பை முடிச்ச ஷுல்ட்ஸெவும் அதே ஊர்தான். பஸ் வசதி குறைவு, காரோட போங்க.

கேள்வி: கிராமம் கிராமமா போறப்ப போக்குவரத்துக்கு என்ன செய்ய? நான் சுத்த சைவம் வேற. (சேலம்)

பதில்: லோக்கல் ரயில், பஸ், ட்ராம் எல்லாத்துக்கும் சேர்த்து மாச டிக்கெட் ஒண்ணு இருக்கு, 2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்தது, 2026ல 63 ஆயிடுச்சு. ஐசிஇ மாதிரி வேக ரயில்ல செல்லாது. அது சந்தா, அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலேன்னா அடுத்த மாசமும் காசு எடுத்துடுவாங்க. சனி ஞாயிறுல கிராமத்து பஸ் நாளைக்கு ரெண்டு மூணு வந்தாலே பெரிசு, வயசானவங்க கூட வந்தா வாடகைக் கார்தான்.

சாப்பாட்டுல ஃபால்ஸ் உங்களுக்குக் கஷ்டம், அங்க பெருமைக்குரிய பதார்த்தமே பன்னி வயித்துக்குள்ள கறியும் உருளைக்கிழங்கும் அடைச்சு வேக வெக்கறது. ஆனா ஏப்ரல்ல இருந்து ஜூன் 24 வரைக்கும் வெள்ளை அஸ்பாரகஸ் சீசன், வெண்ணெய் உருளைக்கிழங்கோட தட்டு நிறைய வரும். ஆவில வெந்த டாம்ஃப்நூடெல் பன்னும் உருளைக்கிழங்கு சூப்பும் கேளுங்க, வயிறு ரொம்பும். ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம்னா ஏழு கீரை போட்ட பச்சை சாஸ். இலையுதிர்காலத்துல புது வைனோட வெங்காய அடை எல்லா ஊர்லயும் விப்பாங்க, பார்த்தா சைவம் மாதிரிதான் இருக்கும், உள்ள பன்றிக் கொழுப்பைப் பொடிப் பொடியா நறுக்கிப் போட்டிருப்பாங்க, அதனால வாங்கறதுக்கு முன்னாடி "ஓன ஷ்பெக்?"னு கேட்டுட்டு வாங்குங்க.